நாற்பத்திரண்டு ஸ்க்ரூ போட்ட கதவு

ஆனைமடையில் நாலு ஆசாரிகள் இருந்தார்கள். இருந்தார்கள் என்ன, இன்னும் இருக்கிறார்கள். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

மூத்தவர் உலகநாதன். எதைக் கேட்டாலும் கண்ணை மூடி, மூக்கைத் தடவி, கோர்ட்டில் தீர்ப்புச் சொல்வதுபோல ஒன்றைச் சொல்வார். அடுத்தவர் கொம்பையா. நாலு பேரில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான், அதனால் அவர் பண்டிதர். மூன்றாமவர் நயினார், சந்தேகம் கேட்பதற்கென்றே பிறந்தவர். கடைசி ஆள் மந்திரம். ஆறடி உயரம், மாடு மாதிரி பலம். சொன்ன வேலையைச் சொல்லி முடிப்பதற்குள் செய்துவிடுவார். நாலு பேரும் சேர்ந்து ஒரு பட்டறை வைத்திருந்தார்கள். நாலு பேருக்கும் பொதுவாக மூளை ஒன்றும் இருந்திருக்கும். அது அன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்றுதான் அவர்களுக்குத் தெரியாது.

நான் ஹார்டுவேர் கடைக்காரன். முப்பது வருஷமாகச் சுத்தியலும் ஆணியும் விற்கிறேன். சுத்தியலை வாங்கிக்கொண்டு போய்க் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு, மறுநாள் என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அவர்களை எல்லாம் அவசரக்காரர்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். முட்டாள் என்ற வார்த்தையை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. நல்லவேளை, செலவழிக்காமல் வைத்திருந்தேன். அந்த வாரம் மொத்தமாகத் தேவைப்பட்டது.

என் கடைக்கு நேர் எதிரே இசக்கியம்மாள் வீடு கட்டினாள். ஒரு கூடம், ஒரு அடுப்படி, ஜன்னலுக்குக் கம்பி. பின்வாசல் கிடையாது. அவ்வளவுதான் வீடு. ஆனால் இட்லி மாவு ஆட்டி விற்று, இருபத்திரண்டு வருஷம் வாடகை வீடுகளில் காலம் தள்ளியவளுக்கு அது அரண்மனை. புருஷன் செத்த மறுமாசம் வாடகை வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிவிட்டான். கொட்டுகிற மழையில் மூட்டை முடிச்சோடு நாத்தனார் செண்பகவல்லியின் வாசலில் போய் நின்றாள் இசக்கியம்மாள். "இங்க எடமில்ல" என்று மூஞ்சிக்கு நேரே கதவைச் சாத்தினாள் செண்பகவல்லி. அந்தச் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது என்று இசக்கியம்மாள் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"வெள்ளிக்கிழம காலைல பால் காய்ச்சுதேன் அண்ணாச்சி. செண்பகவல்லி மதினியும் வாரா. வாடக வீட்டச் சனிக்கிழமைக்கு வேற ஆளுக்கு விட்டாச்சு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். என் கதவ நான் தொறக்கணும், நான் சாத்தணும். அத அவ பாக்கணும். அம்புட்டுதான்," என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அந்த நாலு ஆசாரிகளும் செய்த கதவும் தயாராகத்தான் இருந்தது. மைக்கா ஒட்டி, பூட்டு வைத்து, பித்தளைக் கைப்பிடி மாட்டி லட்சணமாக இருந்தது. ஒரே ஒரு வேலை பாக்கி. கதவைவிட மைக்கா நாலு பக்கமும் ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எப்போதும் அப்படித்தான் ஒட்டுவார்கள்; ஒட்டிக் காய்ந்த பிறகு ஓரத்தைச் சீவிவிட வேண்டும். அதற்கென்று டிரிம்மர் என்று கைக்கு அடக்கமாக ஒரு மிஷின் இருக்கிறது. அடியில் பிட்டு என்று சின்னதாக ஒரு வெட்டுப்பல் சுழலும். ஓரத்தோடு ஒரு சுற்று ஓட்டினால் நீட்டிக்கொண்டிருப்பதெல்லாம் பொடியாக உதிர்ந்துவிடும். பத்து நிமிஷ வேலை. வேலை தெரிந்தவனுக்கு எட்டு நிமிஷம்.

திங்கட்கிழமை நாலு பேரும் கடைக்கு வந்து அந்த மிஷினை வாங்கினார்கள். நான் வெறுமனே விற்கிறவன் இல்லை, சொல்லிக் கொடுத்து விற்கிறவன்.

"இங்க பாருங்க. பிட்டு மாட்டும்போதும் கழட்டும்போதும் பிளக் போர்டுல இருக்கக் கூடாது. பலகைய அசையாம கிளாம்ப் போட்டு இறுக்கணும். மிஷின ரெண்டு கையாலயும் பிடிக்கணும். மொதல்ல ஓட விட்டு, வேகம் பிடிச்ச பெறகுதான் மரத்துல வைக்கணும். அமுக்கக் கூடாது, அது போற வேகத்துக்கு விடணும். சுவிட்ச அணைச்சாலும் பிட்டு முழுசா நிக்கிற வரைக்கும் கீழ வைக்கப்பிடாது. கண்ணுக்குக் கண்ணாடி. தொங்குற துணி ஆகாது. அம்புட்டுதான்."

நாலு பேரும் பவ்வியமாகத் தலையை ஆட்டினார்கள். நான் அத்தோடு விட்டிருக்கலாம். பெட்டிக்குள் தமிழில் அச்சடித்த பாதுகாப்பு விதிகள் தாள் ஒன்று இருந்தது. "இதையும் ஒருதடவ வாசிச்சிருங்க" என்று எடுத்து நீட்டினேன். நீட்டிய இந்தக் கையை என்ன செய்தால் தகும்?

செவ்வாய்க்கிழமை காலை இசக்கியம்மாள் வீட்டு முன்னால், மணல் குவியல் மேல் நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். கொம்பையா தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"விதி ஒண்ணு. இயந்திரத்தை இயக்கும் முன் அனைத்து விதிகளையும் முழுமையாகப் படித்துப் புரிந்துகொள்ளவும்."

பதினாலு விதியையும் வாசித்து முடித்தார்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டார் உலகநாதன்.

"எனக்கு ஒம்பதாவது புரியல அத்தான்," என்றார் நயினார்.

"அப்போ விதி ஒண்ணு நிறைவேறல. மொதல்லருந்து வாசி."

மறுபடி வாசித்தார்கள். இந்தத் தடவை ஒன்பதாவது புரிந்தது, நாலாவது மறந்துவிட்டது. மறுபடி முதலில் இருந்து. நான் கடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்தப் பதினாலு விதியும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அவர்களுக்கு ஆகவில்லை.

சாப்பிட்டு வந்ததும் மூன்றாம் விதியில் சிக்கினார்கள். தளர்வான ஆடைகள் அணிந்து இயந்திரத்தை இயக்கக் கூடாது.

"வேட்டி தளர்வா, இறுக்கமா?" என்று கேட்டார் நயினார்.

உலகநாதன் எழுந்து நின்று தன் வேட்டியை இழுத்துப் பார்த்தார். காற்றில் ஆடியது. கண்ணை மூடினார், மூக்கைத் தடவினார். "தளர்வுதான்," என்றார்.

அடுத்த நொடி மந்திரத்தின் வேட்டி மணலில் கிடந்தது. அப்புறம் மற்ற மூவருடையதும். நட்டநடுப் பகலில், தெருவில் பஸ்சுக்கு நிற்கிற பெண்கள் பார்க்க, நாலு ஆசாரிகளும் கோவணத்தோடு நின்று ஐந்தாம் விதியைப் பற்றி ஆலோசித்துக்கொண்டிருந்தார்கள். இசக்கியம்மாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அடப் பாவிகளா! பொம்பளைங்க நடமாடுற எடத்துல என்னய்யா இது கூத்து?"

"அக்கா, கோவப்படாதீக. இது பாதுகாப்பு," என்றார் உலகநாதன்.

"யாருக்குய்யா பாதுகாப்பு? மானம் போகுது!"

"மானத்தப் பத்தி விதி எதுவும் இல்லக்கா," என்றார் கொம்பையா. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

அவள் விரட்டிய விரட்டில் வீட்டுக்கு ஓடினார்கள். புதன்கிழமை காலையில் வரும்போது இறுக்கமான உடுப்போடு வந்தார்கள். மந்திரம் தன் மகனுடைய பள்ளிக்கூடக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்த மகன் அஞ்சாங் கிளாஸ். அன்று முழுக்க மந்திரம் குனியவும் இல்லை, உட்காரவும் இல்லை.

புதன்கிழமை முதல் வேலையாக விதி ஆறு. வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிப் பத்தடிக்குள் மற்றவர்கள் வரக் கூடாது. நல்ல விதிதான். கயிறு கட்டினார்கள். கட்டி முடித்த பிறகு இசக்கியம்மாளைத் தேடினார்கள், காணவில்லை. போய்விட்டாள், நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டார்கள். அவள் எங்கேயும் போகவில்லை என்பது எனக்கே பிறகுதான் தெரியும். வீட்டுக்குள் அடுப்படித் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அடுத்தது விதி ஏழு. அந்த ஏழாம் விதிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. வெட்டப்படும் பொருளை அசையாத ஒன்றோடு உறுதியாகப் பொருத்த வேண்டும்.

"பட்டறை மேசைல கிளாம்ப் போட்டுருவோமா?" என்றார் கொம்பையா.

பட்டறையிலிருந்து தூக்கி வந்திருந்த மேசையை மந்திரம் ஒரு கையால் தள்ளினார். மேசை தெருவின் அந்தப் பக்கம் போய் நின்றது.

"அசையுதே," என்றார் உலகநாதன் துக்கத்தோடு.

"வேப்பமரம்?" என்றார் நயினார்.

நாலு பேரும் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். காற்று அடித்தது. மரம் அசைந்தது. நாலு பேரும் பெருமூச்சு விட்டார்கள்.

"என் லாரி செட்டு மச்சான் ஒருத்தன் இருக்கான், அவன் எடத்த விட்டு அசையவே மாட்டான்," என்றார் மந்திரம். அதையும் பத்து நிமிஷம் ஆலோசித்தார்கள். மூச்சு விடும்போது வயிறு அசையும் என்று நயினார் சொன்னதால் அந்த மச்சான் தப்பித்தான்.

கடைசியில் உலகநாதன் கண்ணைத் திறந்தார். அவர் விரல் இசக்கியம்மாள் வீட்டைக் காட்டியது. "வீடு அசையுமா?"

"அசையாது."

"அப்போ கதவ வீட்டோட பொருத்து."

கதவைத் தூக்கி வாசல் நிலையில் சாத்தி வைத்தார்கள். மைக்கா நீட்டிக்கொண்டிருந்ததால் அது நிலையின் மேல் படிந்து கச்சிதமாக உட்கார்ந்தது. விதி எட்டு காதை அடைக்கச் சொன்னது. நாலு பேரும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார்கள். மந்திரம் திருப்புளியைக் கையில் எடுத்தார். உறுதியாக என்று விதி சொல்லியிருந்தது, எத்தனை ஸ்க்ரூ என்று சொல்லவில்லை. என்னிடம் வாங்கிய டப்பாவில் நாற்பத்திரண்டு இருந்தது. நாற்பத்திரண்டையும் கதவு வழியாக நிலைக்குள் இறக்கினார்.

அதோடு நின்றார்களா? விதி ஒன்பது, வெட்டும் பரப்பில் ஆணி, ஸ்க்ரூ எதுவும் தலைநீட்டி இருக்கக் கூடாது என்கிறது. ரொம்பச் சரியான விதி. பிட்டு இரும்பில் பட்டால் தெறிக்கும். அதனால் நாலு பேரும் ஆளுக்கொரு அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, மந்திரம் மட்டும் நின்றுகொண்டு, நாற்பத்திரண்டு ஸ்க்ரூவின் தலையையும் அராவி மழமழவென்று ஆக்கினார்கள். இனி அந்தக் கதவைக் கழற்றத் திருப்புளி வைக்க இடம் கிடையாது. அவ்வளவு நேர்த்தியாக அவர்கள் ஆயுளில் எந்த வேலையும் செய்ததில்லை.

உள்ளே தரை கழுவி முடித்த இசக்கியம்மாள் வெளியே வரப் பார்த்தாள். கதவு அசையவில்லை. தட்டினாள். கத்தினாள். ஜன்னல் பக்கம் ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் ஆட்டினாள். வெளியே காதில் பஞ்சோடு இருந்த நாலு பேரும் அவளைப் பார்த்தார்கள். நாலு பேரும் சிரித்த முகமாகத் திருப்பிக் கையை ஆட்டினார்கள்.

நான் கல்லாவை விட்டு எழுந்து ஓடினேன். கயிற்றருகில் நயினார் இரண்டு கையையும் விரித்து என்னை மறித்தார். பத்தடி. நான் கயிற்றைத் தாண்டி உலகநாதனின் சட்டையைப் பிடித்து என் கடைக்குள் இழுத்து வந்தேன். மற்ற மூவரும் பின்னாலேயே வந்தார்கள். நாலு பேர் காதிலும் இருந்த பஞ்சை நானே பிடுங்கினேன்.

"யோவ்! அந்தப் பொம்பள உள்ள இருக்காய்யா!"

"அக்கா உள்ளயா இருக்காக?" உலகநாதன் முகம் கறுத்தது. "தப்பாச்சே முதலாளி. பத்தடிக்குள்ள வரப்பிடாதே."

"கதவத் தொறய்யா மொதல்ல!"

கொம்பையா தாளைப் பிரித்தார். "விதி பத்து. வேலை முழுவதும் முடியும்வரை பொருத்திய பொருளைத் தளர்த்தக் கூடாது."

"அப்போ சீக்கிரம் முடிச்சிருவோம்," என்றார் மந்திரம்.

"எங்க முடிக்க?" என்றார் நயினார். "ஓரத்தச் சீவணும். ஓரம் இப்போ நெலைக்குள்ளல்லா இருக்கு?"

நாலு பேரும் திரும்பி எதிர்வீட்டைப் பார்த்தார்கள். உண்மைதான். சீவ வேண்டிய கதவின் ஓரம் நிலைக்குள் ஒளிந்திருந்தது. அதுவரை அது யாருக்கும் தோன்றவில்லை.

"ஓரத்த மறைக்கிறது எது?" உலகநாதன் விசாரணையைத் தொடங்கினார்.

"நெலை."

"நெலையப் பிடிச்சிக்கிட்டு இருக்கது எது?"

"செவரு."

"அப்போ குத்தவாளி யாரு?"

"செவருதான் அத்தான்!" என்றார்கள் மூவரும். ஒரு பெரிய சிக்கல் தீர்ந்த நிம்மதி அந்த முகங்களில் தெரிந்தது.

இந்தப் பேச்சை நான் காதில் முழுசாக வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கடையில் இருந்த கடப்பாரையை எல்லாம் ஒளித்து வைத்திருப்பேன். திருப்புளியை எடுத்துக்கொண்டு ஓடிப் போய்க் கதவைப் பார்த்தேன். ஸ்க்ரூவுக்குத் தலையே இல்லை. தலையில் அடித்துக்கொண்டேன். ஜன்னல் கம்பியை அறுத்தால்தான் அவளை வெளியே எடுக்கலாம் என்று பஜாருக்கு ஓடி, வெல்டிங் பட்டறைக்காரனைக் கட்டர் மிஷினோடு ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

தெரு முழுக்கச் செங்கல் தூசி. தூசி அடங்கியதும் பார்த்தேன். வாசலுக்கு வலது பக்கம் நாலடிச் சுவரைக் காணோம். இடது பக்கம் நாலடிச் சுவரைக் காணோம். நடுவில் நிலையும் கதவும் மட்டும் தன்னந்தனியாக நின்றன. மேலே கொத்தனார் ஒழுங்காக பீம் போட்டிருந்த புண்ணியத்தில் கூரை விழவில்லை. மந்திரம் கடப்பாரையோடு வேர்த்து நின்றார். கால்சட்டை பின்பக்கம் கிழிந்திருந்தது.

வலது பக்க ஓட்டை வழியாக இசக்கியம்மாள் வெளியே வந்தாள். தலைமுடி, முகம், சேலை எல்லாம் சுண்ணாம்பு. கையில் தரை கழுவிய விளக்குமாறு. கொம்பையா அவளைப் பார்த்ததும் பதறிப்போய்க் கயிற்றுக்கு வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அவள் அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மணல் குவியல் மேல் உட்கார்ந்தாள். வீட்டைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, என் செவரு எங்க?" என்று கேட்டாள். அப்புறம் வாய்விட்டு அழுதாள். "ஒரு கதவத்தானே கேட்டேன். தொறந்து சாத்துற மாதிரி ஒரு கதவு. நாளன்னைக்கு மதினி வந்து நின்னு சிரிப்பாளே!"

கொத்தனாரைக் கேட்டேன். சனிக்கிழமைக்கு முன்னால் கை ஒழியாது என்றான். நாளைத் தள்ளிப் போடலாம் என்றால், அழைப்பு கொடுத்தாயிற்று, வாடகை வீடும் கைவிட்டுப் போயிற்று. அந்த நாலு பேரையும் நான் அன்றைக்குத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எழுதியும் பிரயோஜனமில்லை. அவர்கள் காதில் மறுபடியும் பஞ்சு இருந்தது.

வியாழக்கிழமை அவர்கள் மிஷினைக் கையில் எடுத்தார்கள். ஆமாம், செவ்வாயிலிருந்து அதுவரை மிஷின் பெட்டியிலேயேதான் இருந்தது. சுவரை இடித்த பிறகும் ஓரம் நிலைக்குள்ளேதான் இருக்கிறது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. கவனிக்கச் சொல்லி விதி இல்லை. கண்ணாடி, முகமூடி, பஞ்சு, இறுக்கமான உடுப்பு என்று சகல லட்சணத்தோடும் கதவருகே நின்றார்கள். இரண்டு கைகளால் பிடிக்க வேண்டும் என்று விதி பதினொன்று. ஒரே ஆளின் இரண்டு கை என்று அதில் போடவில்லை. கூட்டுத் தொழில் என்பதால் உலகநாதன் ஒரு கையும் மந்திரம் ஒரு கையும் கொடுத்தார்கள். கொம்பையா தாளைப் பிடித்தார். நயினார் கொஞ்சம் தள்ளி, கையை முஷ்டியாக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மிஷினை மைக்காவின் மேல் வைத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்கள். அமுக்கவே இல்லை. மேல் ஓரம் முடிய ஒரு மணி நேரம். இடது ஓரம் ஒன்றரை மணி. நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதோ உறுத்தியது. அப்புறம்தான் விளங்கியது. சத்தமே இல்லை. நாலு தெருவுக்குக் கேட்க வேண்டிய மிஷின் அது.

கயிற்றைத் தாண்டிப் போனேன். மிஷினின் வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். வயர் நயினாரின் மூடிய கைக்குள் போய் முடிந்தது. விரல்களைப் பிரித்தேன். உள்ளே பிளக். அவர் காதுப் பஞ்சைப் பிடுங்கினேன்.

"என்னய்யா இது?"

"பிளக் போர்டுல இருக்கக் கூடாதுன்னு நீங்கதான முதலாளி சொன்னீக? யாரும் எடுத்துச் சொருகிரப்பிடாதுன்னு காலைலருந்து நான்தான் காவலு. மூத்திரம் பெய்யக்கூட எந்திரிக்கல."

"பிட்டு மாட்டும்போதுன்னு சொன்னேன்!"

நயினார் மிஷினைப் பார்த்தார். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பிட்டு இப்பவும் மாட்டித்தானே இருக்கு?"

அதற்குள் மந்திரம் பஞ்சை எடுத்துவிட்டு, "என்ன அருமையான மிஷின் முதலாளி! கொஞ்சம்கூட அதிரல. பொடி பறக்கல. ஒருத்தனுக்கும் ஒரு கீறல் இல்ல," என்றார். மிஷினைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கடையில் பூட்டினேன். மைக்கா அன்றைக்கும் ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. இசக்கியம்மாள் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். வீங்கிய கண்ணோடு, இடிந்த சுவருக்கு முன்னால் கோலம் போட்டாள். நிலைக்கு மாவிலை கட்டினேன் நான். உறவுக்காரர்கள் வந்து சுவரைப் பார்ப்பதும், என்னைப் பார்ப்பதும், வாயை மூடிச் சிரிப்பதுமாக இருந்தார்கள். அந்த நாலு பேரும் துவைத்த வேட்டி கட்டி, விபூதி பூசி, தாங்கள் செய்த கதவுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றார்கள்.

முதலில் பசுமாடு நுழைய வேண்டும் என்பது வழக்கம். மாட்டை ஓட்டி வந்தார்கள். அது கதவுக்கு முன்னால் நின்றது. கதவைப் பார்த்தது. வலது பக்கம் திரும்பிப் பார்த்தது. சாவகாசமாக ஓட்டை வழியாக உள்ளே போய்விட்டது. அந்த மாட்டுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். பின்னாலேயே இசக்கியம்மாள், ஐயர், உறவுக்காரர்கள், நான், எல்லாரும் உள்ளே போனோம்.

அந்த நாலு பேரும் வரவில்லை. "கதவு இருக்கையில செவத்து வழியாப் போறது முறையில்ல," என்று உலகநாதன் சொல்லிவிட்டார்.

அப்போது ஆட்டோவில் வந்து இறங்கினாள் செண்பகவல்லி. பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை, கையில் சீர்த்தட்டு. சுவரைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"இந்தப் பக்கமா வாங்க அத்தை," என்று யாரோ ஓட்டையைக் காட்டினார்கள்.

"ஓட்ட வழியா நுழைய நான் என்ன பெருச்சாளியா?" என்றாள் சத்தமாக. "வீடு கட்டிருக்காளாம் வீடு! வாசல்னு ஒண்ணு இருக்குல்லா? வீட்டுக்காரி வந்து கதவத் தொறந்து கூப்புட்டா வாரேன். மரியாத தெரியாத எடத்துல நான் கால் வைக்க மாட்டேன்."

"அப்படிச் சொல்லுங்கம்மா!" என்றார் உலகநாதன். தங்களைப் புரிந்துகொள்ள உலகத்தில் ஒரு ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் அவர் குரல் தழுதழுத்தது. நாலு பேரும் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். அஞ்சு பேருமாக மூடிய கதவுக்கு முன்னால் நின்றார்கள்.

உள்ளே இசக்கியம்மாள் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சுவர் இல்லாததால் எல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பட்டுச்சேலையும், சீர்த்தட்டும், செண்பகவல்லியின் மூக்குக்கு அரை அடி முன்னால் சாத்தியிருந்த கதவும். பால் பொங்கி வழிந்தது. எல்லாரும் குலவை போட்டார்கள். இசக்கியம்மாள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை நான் பார்த்தேன். மூன்று நாளில் முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

"மதினி," என்று அன்பாகக் கூப்பிட்டாள், "கதவு சாத்தியிருக்கே, என்ன செய்ய?"

டம்ளர்களில் பாலை ஊற்றி எல்லாருக்கும் கொடுத்தாள். எனக்கு இரண்டாவது டம்ளரும் கொடுத்தாள். நாக்குக்குத் தித்திப்பாக இருந்தது.

வெளியே வெயில் ஏறியது. உலகநாதன் கதவைத் தட்டினார். பதில் இல்லை. மந்திரம் தட்டினார். பதில் இல்லை. கொம்பையா தாளைப் பிரித்து, கதவு திறக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று விதியில் தேடினார். கடைசியில் நயினார் முழங்காலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சாவித் துவாரம் வழியாக உள்ளே பார்த்தார். அவருக்கு ஒரு முழம் தள்ளி, வலது பக்கத்து ஓட்டை வழியாகப் பசுமாடு வெளியே வந்துகொண்டிருந்தது.

"உள்ள ஆளு இருக்கு அத்தான்!" என்றார் நயினார். "பாலு குடிக்காக. வேணும்னேதான் தொறக்க மாட்டேங்காக."

"அப்படியா சங்கதி?" என்றாள் செண்பகவல்லி. சீர்த்தட்டை மந்திரத்திடம் கொடுத்துவிட்டு, பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள். "நீ தள்ளு, நான் பாக்கேன்."